செப்பும் குறியீடும்: இணையத் தொலைபேசி மறுமொழிக் குறியீட்டு மாற்றம் – ஓர் இலக்கண நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இணையத் தொலைபேசியில் ஓர் அழைப்பு நிறைவேறாதபோது அதன் காரணம் மூன்றிலக்க எண்ணாக அழைத்தவரின் கருவிக்குத் திரும்புகிறது. அழைப்பு பழைய தொலைபேசி வலையமைப்பைக் கடக்க நேரிட்டால் அவ்வெண் வேறோர் எண்வரிசையாக மாற்றப்படுகிறது. இம்மாற்றம் தொழில்நுட்பப் பணியாகவே கருதப்பட்டு வந்தாலும், இயல்பால் அது ஒரு விடையை மொழிபெயர்க்கும் செயலாகும். செப்பு, வினா, விடைவகை, திணை ஆகியவற்றைப் பற்றித் தமிழ் இலக்கண நூல்கள் கூறும் கருத்துகளைக் கொண்டு இம்மாற்றத்தில் காக்கப்படுவனவற்றையும் இழக்கப்படுவனவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. குறியீட்டு மாற்றத்தை அமைப்பதற்கும் தமிழ் அறிவிப்புத் தொடர்களை உருவாக்குவதற்கும் உரிய நெறிகளை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மறுமொழிக் குறியீடு, காரண எண், செப்பு, விடை, திணை, மீள்பெயர்ப்பு, அறிவிப்புத் தொடர்

1. முன்னுரை

தொலைபேசியில் எண்ணை அழுத்தியவர் எதிர்முனையில் குரல் கேட்காதபோது, பதிவு செய்யப்பட்ட ஓர் அறிவிப்பையே கேட்கிறார். எண் உபயோகத்தில் இல்லை, வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார், வேறு அழைப்பில் உள்ளார் என்றவாறு அமையும் அவ்வறிவிப்புகளைக் கேட்டே அவர் அடுத்துச் செய்வதை முடிவு செய்கிறார். மீண்டும் அழைப்பதோ, எண்ணைச் சரிபார்ப்பதோ, நேரில் புறப்படுவதோ அந்த ஒரு தொடரைப் பொறுத்து அமைகிறது. அத்தொடர் உண்மைக் காரணத்தோடு பொருந்தாவிடில் அழைத்தவர் தவறான செயலில் இறங்க நேரிடும்.

இவ்வறிவிப்புகளுக்குப் பின்னே இருப்பவை மறுமொழிக் குறியீடுகள். இணையத் தொலைபேசியின் குறிகைப் பணிக்குப் பரவலாக வழங்கும் நெறிமுறை அமர்வுத் தொடக்க நெறிமுறை ஆகும். இது 'சிப்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும். 1999ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 2543 என்னும் ஆவணமாக வெளிவந்த இந்நெறிமுறை, 2002 ஜூன் மாதத்தில் ஆர்எஃப்சி 3261 எனத் திருத்தியமைக்கப்பட்டது. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நான்காம் தலைமுறை வலையமைப்பில் மட்டும் இயங்கும் குரல் சேவையைத் தொடங்கியபோது, அச்சேவையின் அடித்தளமும் இந்நெறிமுறையாகவே அமைந்தது. எனவே இது கணினி வல்லுநர் சிலருக்கு மட்டும் உரிய பொருள் எனக் கருதுவதற்கில்லை. இன்று கைப்பேசியில் நிகழும் பெரும்பாலான உரையாடல்கள் இதனைச் சார்ந்தவை.

2. குறியீடுகளின் அமைப்பு

சிப் நெறிமுறை வினாவும் விடையுமாக இயங்குவது. அழைப்பவரின் கருவி வேண்டுகோள் ஒன்றை அனுப்பும்; எதிர்முனையோ இடையிலுள்ள வழங்கியோ மறுமொழி தரும். மறுமொழியின் முதல் வரியில் மூன்றிலக்க எண்ணும், அதனை விளக்கும் சிறு சொற்றொடரும் இருக்கும். எண்ணின் முதல் இலக்கம் இனத்தைக் காட்டும். 1இல் தொடங்குவன இடைக்கால மறுமொழிகள், 2 நிறைவேற்றம், 3 வேறிடம் காட்டல், 4 வேண்டுகோள் நிறைவேறாமை, 5 வழங்கியின் குறை, 6 எவ்விடத்தும் நிறைவேறாமை. முதல் ஐந்து இனங்களும் இணையப் பக்கங்களுக்குரிய நெறிமுறையிலிருந்து பெறப்பட்டவை. ஆறாம் இனம் தொலைபேசியின் தேவைக்காகச் சிப் நெறிமுறை சேர்த்துக்கொண்டது. ஒருவருக்குப் பல கருவிகள் இருக்கக்கூடும் என்பதால், 'இக்கருவியில் இயலாது' என்பதையும் 'இவரிடம் எக்கருவியிலும் இயலாது' என்பதையும் வேறுபடுத்த வேண்டியதாயிற்று. 486 என்பது இங்கே வேறு அழைப்பில் உள்ளமையையும், 600 என்பது எங்கும் அவ்வாறே உள்ளமையையும் உணர்த்தும்.

பழைய தொலைபேசி வலையமைப்பு வேறொரு வரிசையைக் கையாள்கிறது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கியூ.850 பரிந்துரை 1 முதல் 127 வரையிலான எல்லைக்குள் காரண எண்களை வரையறுக்கிறது. 1 என்பது எவருக்கும் வழங்கப்படாத எண். 17 பயனர் வேறு அழைப்பில் உள்ளார். 18 பயனர் தரப்பிலிருந்து எவ்வகை மறுமொழியும் இல்லை. 19 மணி ஒலித்தும் எடுக்கப்படவில்லை. 20 வாடிக்கையாளரின் கருவி வலையமைப்பில் இல்லை. 21 அழைப்பு மறுக்கப்பட்டது. 34 செல்வதற்குச் சுற்றுவழி இல்லை. காரண எண்ணோடு 'இருப்பிடம்' என்னும் மற்றொரு கூறும் செல்லும். அக்காரணத்தைக் கூறியது பயனர் தரப்பா, வலையமைப்பா என்பதை அது சுட்டும்.

இவ்விரு வலையமைப்புகளும் சந்திக்குமிடத்தில் நுழைவாயில் கருவி நிற்கிறது. ஒரு பக்கத்தின் விடையை மறுபக்கத்தின் மொழியில் கூறுவது அதன் பணிகளுள் ஒன்று. இதற்கான பொது அட்டவணையை 2002 டிசம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 3398 வகுத்தது. காமரில்லோ, ரோச், பீட்டர்சன், ஓங் ஆகிய நால்வர் அதன் ஆசிரியர்கள்.

3. இலக்கண நூல்களின் விடைக் கொள்கை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் செப்பையும் வினாவையும் வழுவின்றிக் காக்க வேண்டுமென வலியுறுத்துகிறது. வினாவே செப்பாக வருதலும், செப்பு நேரே அமையாதபோதும் பொருளோடு இயைந்திருப்பின் ஏற்கப்படுதலும் அங்கே கூறப்படுகின்றன. உரையாசிரியர்கள் செப்பினைச் செவ்வன் இறை, இறை பயப்பது என இரண்டாகப் பகுத்தனர். வினவியதற்கு நேரே விடையாவது முன்னது. வேறொன்றைக் கூறி அதன்வழி விடையை உணர்த்துவது பின்னது.

நன்னூல் விடையை எட்டாக வகைப்படுத்துகிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையானவை. ஏவல், எதிர்வினா, உற்றதைக் கூறல், உறுவதைக் கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் பொருளால் விடையாகக் கொள்ளப்படுபவை. சிப் மறுமொழிகளை இவ்வகைப்பாட்டோடு ஒப்பிடுவதன் நோக்கம், பழைய நூலில் புதிய கருவியைக் காண்பதன்று. விடை என்னும் மொழிச்செயலை நுணுகி ஆராய்ந்த ஒரு மரபு, எண்களின் வரிசை மட்டும் காட்டாத வேறுபாடுகளைக் காண உதவும் என்பதே ஒப்பீட்டின் பயன்.

200 என்னும் மறுமொழி நேர் விடை. 603 மறை விடை. அழைக்கப்பட்டவர் ஏற்க மறுத்தார் என்பது அதன் பொருள். 301, 302 ஆகியன வேறு முகவரியைக் காட்டுதலின் சுட்டு விடைகள். 401, 407 ஆகியன அழைப்பவரின் அடையாளத்தைக் கேட்பதால் எதிர்வினா ஆகும். வேண்டிய ஊடகவகை இயலாதெனக் கூறித் தன்னால் இயன்றவற்றை உடன் தெரிவிக்கும் 488, இனமொழி விடையை ஒத்தது. 486, 480, 503 முதலியவை நிகழ்ந்ததைக் கூறி இயலாமையை உணர்த்துவதால் உற்றதைக் கூறல் எனும் வகையுள் அடங்கும். 503 மறுமொழியோடு 'இத்தனை வினாடி கழித்து மீண்டும் வருக' எனும் தலைப்பு வரியும் சேர்ந்தால் அது ஏவல் விடையின் தன்மையையும் பெறுகிறது.

பொருந்தாத இடமும் உண்டு. முயல்கிறேன் எனும் 100, மணி ஒலிக்கிறது எனும் 180 ஆகிய இடைக்கால மறுமொழிகள் எவ்வகை விடையிலும் முழுமையாக அடங்குவதில்லை. கதை கேட்பவர் இடையிடையே 'உம்' கொட்டுவதைப் போல இவை கேட்கப்பட்டதை மட்டும் உணர்த்துவன. விடை இனித்தான் வர வேண்டும்.

நெறிமுறையின் பகுப்பிலேயே உள்ள ஒரு நெருடலும் இவ்வொப்பீட்டால் புலனாகிறது. நான்காம் இனம் வேண்டுகோளில் உள்ள குறையைச் சுட்டுவதாகக் கூறப்படுகிறது. எண் முழுமையாக இல்லை எனும் 484 இதற்குச் சரியான சான்று. இலக்கண நோக்கில் அது வினா வழு. ஆனால் 486, 480 ஆகியனவும் அதே இனத்தில் உள்ளன. வேறு அழைப்பில் இருக்கும் ஒருவரை அழைத்தவர் வினாவில் எவ்வழுவும் செய்யவில்லை. ஆகவே இனத்தை மட்டும் நோக்கி அறிவிப்புத் தொடரை அமைத்தால், பிழையில்லாத அழைப்பாளரைப் பிழை செய்தவராக்கும் நிலை ஏற்படும்.

4. ஒன்றில் அடங்கும் பல: மீள்பெயர்ப்புச் சோதனை

மொழிபெயர்ப்பின் தரத்தை அறிய, பெயர்த்ததை மூலமொழிக்கு மீண்டும் பெயர்த்து ஒப்பிடுவது வழக்கம். ஆர்எஃப்சி 3398 அட்டவணைக்கும் இச்சோதனையைச் செய்யலாம். ஓர் அழைப்பு பழைய வலையமைப்பில் தொடங்கி, இணைய வலையமைப்பு வழியாகச் சென்று, மீண்டும் பழைய வலையமைப்பில் முடியுமானால் அதன் விடை இருமுறை மாற்றப்படும். அந்நிலையில் காரண எண்கள் அடையும் மாற்றத்தை அட்டவணை 1 காட்டுகிறது.

அட்டவணை 1: காரண எண் – சிப் குறியீடு – மீண்டு வரும் காரண எண்

1 (வழங்கப்படாத எண்) – 404 – 1
17 (வேறு அழைப்பில்) – 486 – 17
18 (மறுமொழி இல்லை) – 408 – 102
19 (எடுக்கப்படவில்லை) – 480 – 18
20 (கருவி வலையமைப்பில் இல்லை) – 480 – 18
22 (எண் மாறியது) – 410 – 22
27 (சேரிடம் பழுது) – 502 – 38
28 (எண் முழுமையில்லை) – 484 – 28
31 (வகை குறிக்கப்படாத இயல்பு நிலை) – 480 – 18
34 (சுற்றுவழி இல்லை) – 503 – 41
38 (வலையமைப்புப் பழுது) – 503 – 41

1, 17, 22, 28 ஆகிய நான்கும் வடிவு மாறாமல் மீள்கின்றன. ஏனையவை மாறுகின்றன. குறிப்பாக 19, 20, 31 என்னும் மூன்று காரணங்களும் 480 என்னும் ஒரே குறியீட்டில் ஒடுங்கி, மீளும்போது 18 ஆகின்றன. மணி ஒலித்தும் எடுக்காமை, கருவியே வலையமைப்பில் இல்லாமை ஆகிய இரண்டும் கேட்பவருக்கு முற்றிலும் வேறான செய்திகள். மணி ஒலித்தது என்றால் கருவி இயங்குகிறது. கருவி வலையமைப்பில் இல்லையென்றால் அது அணைக்கப்பட்டிருக்கலாம், கோபுரம் செயலற்றிருக்கலாம். இரண்டிற்கும் 'தற்காலிகமாகக் கிடைக்கவில்லை' என்ற ஒரே விடை கிடைக்கும்போது செய்தி இழக்கப்படுகிறது.

சிப் பக்கத்தில் தொடங்கும் மாற்றத்திலும் இவ்விழப்பு உண்டு. 486, 600 ஆகிய இரண்டும் 17 ஆகின்றன. 17 மீளும்போது 486 ஆகும். 'எங்கும் இயலாது' என்ற விடை 'இங்கே இயலாது' எனச் சுருங்குகிறது. ஆறாம் இன மறுமொழி வந்தால் ஏனைய கருவிகளைத் தேடும் முயற்சியை இடைவழங்கி நிறுத்த வேண்டும். 486 வந்தால் தேடுதலைத் தொடரலாம். எனவே இங்குச் சொல் மட்டுமன்றிச் செயலும் மாறுகிறது.

5. 480: உரை வேறுபாடு

ஒரே மூலத்திற்கு உரையாசிரியர் பலர் வெவ்வேறு பொருள் காண்பது தமிழ் ஆய்வுலகிற்குப் புதிதன்று. 480 குறியீடும் அத்தகைய உரை வேறுபாட்டிற்கு இடமாகியுள்ளது. ஆர்எஃப்சி 3398 இதனை 18 எனப் பெயர்க்கிறது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கியூ.1912.5 பரிந்துரை 20 எனப் பெயர்க்கிறது. பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருளான ஆஸ்டெரிஸ்க் 19 எனக் கொள்கிறது. எவ்வித மறுமொழியும் இல்லை, கருவி வலையமைப்பில் இல்லை, எடுக்கவில்லை என ஒரு குறியீடு மூன்று பொருள் பெறுகிறது.

மூன்றும் தத்தம் சூழலில் காரணமுடையவை. தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆவணம் பெரிய வலையமைப்புகளின் இணைப்பைக் கருதி எழுந்தது. அங்கே கிடைக்காமை என்பது பெரும்பாலும் பதிவு நீங்கிய கருவியைக் குறிக்கும். ஆஸ்டெரிஸ்க் அலுவலகங்களின் உள்தொலைபேசி அமைப்பாகப் பயன்படுவது. அங்கே மேசைத் தொலைபேசி மணியடித்து ஓய்வதே இயல்பான நிகழ்வு. இடர்ப்பாடு எழுவது, ஓர் அழைப்பு இம்மூன்று அமைப்புகளையும் அடுத்தடுத்துக் கடக்கும்போது. எவ்வுரையைக் கொள்வது என்பதை அமைப்பாளர் ஆராய்ந்து தெளியாமல், கருவியோடு வந்த இயல்பு அட்டவணையை அப்படியே விட்டுவிட்டால், வெவ்வேறு உரைகள் ஒரே தொடரில் கலந்துவிடும்.

6. திணையும் விடையின் எழுவாயும்

தமிழ்த் தொடரில் எழுவாய் உயர்திணையா, அஃறிணையா என்பதைப் பயனிலை காட்டிவிடும். 'எண் இல்லை' என்பதில் எழுவாய் அஃறிணை. 'அவர் ஏற்கவில்லை' என்பதில் எழுவாய் உயர்திணை. அங்கே ஒருவரின் விருப்பம் செயற்படுகிறது. 'வழி நிரம்பியுள்ளது' என்பதில் மீண்டும் அஃறிணை. ஒவ்வொரு மறுமொழிக் குறியீட்டிற்கும் இத்தகைய எழுவாய் ஒன்று மறைந்துள்ளது. 404இன் எழுவாய் எண். 603இன் எழுவாய் மனிதர். 503இன் எழுவாய் வழங்கி அல்லது வலையமைப்பு.

காரண எண் 21 இங்கே கவனத்திற்குரியது. அழைப்பு மறுக்கப்பட்டது என்பது அதன் பொருள். மறுத்தவர் யார் என்பதை அவ்வெண் கூறாது. 'இருப்பிடம்' பயனர் தரப்பைச் சுட்டினால் 603 எனவும், பிறவாறாயின் 403 எனவும் மாற்றுமாறு ஆர்எஃப்சி 3398 கூறுகிறது. முன்னது மனிதரின் மறுப்பு. பின்னது வலையமைப்பின் தடை. இருப்பிடக் கூற்றை நோக்காமல் 21 அனைத்தையும் 403 என மாற்றும் அமைப்பு, ஒருவர் விரும்பி மறுத்ததை வலையமைப்பின் தடையாகக் கூறிவிடுகிறது. இலக்கண நோக்கில் இதனைத் திணை வழுவுக்கு ஒப்பிடலாம். வினைக்கு உரியவர் உயர்திணையாக இருக்க, அவ்வினை அஃறிணைமேல் ஏற்றப்படுகிறது.

இதற்கு மறுதலையாக, அறிந்தே செய்யும் மாற்றமும் உண்டு. மறுக்கப்பட்டது என்பதை அழைத்தவர் அறிய வேண்டாமென எண்ணி, 603 மறுமொழியை 480 என மாற்றியமைப்பது இத்தகையது. இது நன்னூல் கூறும் தகுதி வழக்கினோடு ஒப்பிடத்தக்கது. குறியீடுகள் துறையினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறி போன்றவை. மறுப்பை மென்மையாக மறைப்பது இடக்கரடக்கலின் தன்மையுடையது. நோக்கம் தெளிந்து செய்யும் மாற்றத்தையும் கவனக்குறைவால் நேரும் மாற்றத்தையும் வேறுபடுத்துவது அமைப்பாளரின் கடமை.

7. ஆரோவில் – மரக்காணம் கடற்கரை: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கண்ட கருத்துகளைக் குறிப்பிட்டதொரு நிலப்பகுதியில் பொருத்திக் காணலாம். ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட பன்னாட்டுக் குடியிருப்பு. அதன் பெரும்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்திருப்பினும், தொலைபேசி எண்முறையில் புதுச்சேரிக்குரிய 0413 குறியீட்டைப் பயன்படுத்துகிறது. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உள்ளது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர் இவ்வூர்ப் பகுதியோடு தொடர்புபடுத்துவர். உப்பளங்கள் இன்றும் அங்கு வாழ்வாதாரம். அருகிலுள்ள திண்டிவனத்தின் தொலைபேசிக் குறியீடு 04147.

இந்திய எண்முறையில், முன்னுள்ள பூச்சியம் நீங்கலாக ஊர்க்குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கங்களாகும். ஆகவே 413 குறியீட்டுப் பகுதியில் உள்ளூர் எண் ஏழிலக்கம். 4147 குறியீட்டுப் பகுதியில் ஆறிலக்கம். ஒரே மாவட்டத்தில்தானே இருக்கிறோம் என எண்ணி ஆரோவில்லில் உள்ள ஒருவர் திண்டிவனப் பகுதியின் ஆறிலக்க எண்ணை மட்டும் அழுத்துவதாகக் கொள்வோம். எண் முழுமையில்லை, உரிய விடை 28, அதாவது 484. அவ்விடத்து 404 அனுப்பும் வகையில் அமைப்பு இருந்தால், 'எண்ணை முழுமையாகக் கூறுக' என்பதற்கு மாறாக 'அப்படியோர் எண் இல்லை' என்ற செய்தி கிடைக்கும். முதல் விடை வினா வழுவைத் திருத்த வழிகாட்டும். இரண்டாவது விடை இருக்கும் ஒருவரை இல்லாதவராக்கும்.

இயற்கை இடர்க்காலத்தில் இவ்வேறுபாட்டின் கனம் மிகுதி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய கடற்கரையைத் தாக்கின. புயலில் மின்சாரம் தடைபட்டுக் கோபுரங்கள் ஓய்வதும், எஞ்சிய வழிகளில் அழைப்புகள் நெரிவதும் இக்கடற்கரையினர் அறிந்ததே. அத்தகைய இரவில் வெளிநாட்டிலிருந்து உப்பளத்தில் இருக்கும் தந்தையை அழைக்கும் மகளுக்கு மூன்று விடைகள் வரக்கூடும். வழி நிரம்பியுள்ளது எனில் சிறிது நேரம் கழித்து மீண்டும் அழைக்கலாம். கருவி வலையமைப்பில் இல்லை எனில் பக்கத்து ஊர் உறவினரை அழைக்கலாம். மணி ஒலித்தும் எடுக்கவில்லை எனில், கருவி இயங்குகிறது என்ற ஆறுதலோடு, எடுக்க இயலாத நிலையில் அவர் உள்ளாரோ என்ற ஐயமும் எழும். யாரையேனும் நேரில் அனுப்ப வேண்டும். இம்மூன்றையும் 'தற்போது தொடர்புகொள்ள இயலவில்லை' என்னும் ஒரே தொடரில் அடக்குவது, வினவியவருக்கு விடையளிக்காமல் விடுவதை ஒக்கும்.

நெருக்கடியில் 503 குறியீட்டின் பயன்பாடும் எச்சரிக்கைக்குரியது. இதனைப் பெறும் கருவி வேறொரு வழங்கியை நாட வேண்டுமென்றும், மீள்வரவுக் காலம் குறிக்கப்பட்டிருந்தால் அதுவரை வேறு எவ்வேண்டுகோளையும் அவ்வழங்கிக்கு அனுப்பலாகாதென்றும் ஆர்எஃப்சி 3261 வரையறுக்கிறது. இடைவழங்கி தான் பெற்ற 503ஐ எளிதில் மேலனுப்பாமல் 500 என மாற்றித் தர வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. ஓர் ஊருக்குச் செல்லும் சுற்றுவழி நிரம்பியதை நுழைவாயில் 503 எனப் பெயர்த்தால், மேலுள்ள வழங்கி நுழைவாயில் முழுவதும் செயலற்றதாகக் கருதி ஏனைய ஊர்களுக்கான அழைப்புகளையும் நிறுத்திவிடக்கூடும். ஒரு வழியைப் பற்றிய விடை முழு வாயிலையும் பற்றியதாகப் பொருள் கொள்ளப்படும் நிலை இது.

8. குறியீட்டு மாற்றத்தை அமைத்தல்

குறியீட்டு மாற்றத்தை அமைப்பதற்குரிய வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. சிஸ்கோ நுழைவாயில்களில் காரண எண்ணைச் சிப் குறியீடாக மாற்றவும், சிப் குறியீட்டைக் காரண எண்ணாக மாற்றவும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. இரு திசைகளும் தனித்தனியே அமைவதால், ஒன்றைத் திருத்தி மற்றொன்றை விட்டுவிடுதல் எளிதில் நேரும் பிழை. கமாய்லியோ போன்ற இடைவழங்கிகளில் நிறைவேறாத அழைப்புக்கெனத் தனிச் செயற்பகுதி எழுதி, வந்த குறியீட்டை நோக்கி வேறு குறியீட்டை அனுப்பலாம். இத்தகைய அமைப்புகளில் நான்கு நெறிகளைப் பின்பற்றுதல் நலம்.

முதலாவது, எழுவாய் மாறாமை. எண், மனிதர், கருவி, வலையமைப்பு ஆகியவற்றுள் எதனைப் பற்றிய விடை என்பது மாற்றத்திற்குப் பின்னும் காக்கப்பட வேண்டும். இதற்கு 'இருப்பிடம்' என்னும் கூற்றைப் புறக்கணிக்கலாகாது.

இரண்டாவது, செயல் மாறாமை. மீண்டும் முயலலாம், வேறு வழியில் முயலலாம், முயல வேண்டாம் என்னும் மூன்றனுள் எதனை மூலவிடை உணர்த்தியதோ, அதனையே பெயர்த்த விடையும் உணர்த்த வேண்டும்.

மூன்றாவது, மூலத்தை உடன் அனுப்புதல். 2002இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3326 'காரணம்' என்னும் தலைப்பு வரியை அறிமுகப்படுத்தியது. கியூ.850 காரண எண்ணை மறுமொழிகளிலும் அவ்வரியில் அனுப்பலாம் என்பதை 2011இல் ஆர்எஃப்சி 6432 உறுதிசெய்தது. இதனால் 480 எனப் பெயர்த்தபோதும், மூலம் 19ஆ, 20ஆ என்பது அழியாமல் செல்லும். பெயர்ப்போடு மூலபாடத்தையும் சேர்த்து வெளியிடும் பதிப்புநெறி இதற்கு ஒப்பாகும். இடையிலுள்ள வழங்கிகள் இவ்வரியை நீக்காதிருப்பதை உறுதிசெய்வதும் அமைப்பின் பகுதியே.

நான்காவது, மீள்பெயர்ப்புச் சோதனை. அமைத்து முடித்தபின் ஒவ்வொரு காரண எண்ணையும் இரு திசையிலும் செலுத்தி, மீண்டு வருவதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். எங்கே இழப்பு தவிர்க்க இயலாததோ, அங்கே அது அறிந்து ஏற்ற இழப்பாக இருத்தல் வேண்டும்.

9. தமிழ் விளக்கத் தொடர்கள்

மறுமொழியின் எண் இயந்திரத்திற்கு உரியது. உடன் வரும் விளக்கத் தொடர் மனிதருக்கு உரியது. இவ்வேறுபாட்டை ஆர்எஃப்சி 3261 தெளிவாகக் கூறுகிறது. விளக்கத் தொடர் ஆங்கிலத்தில்தான் அமைய வேண்டும் என்ற கட்டாயம் அங்கு இல்லை. அழைப்பவரின் கருவி தான் விரும்பும் மொழியை ஒரு தலைப்பு வரியில் தெரிவிக்கலாம். வழங்கி அம்மொழியிலேயே தொடரை அனுப்பலாம். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவம் ஏற்கப்பட்டிருப்பதால் தமிழ் எழுத்துகளுக்குத் தடையில்லை. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், சமற்கிருதம் ஆகிய நான்கையும் தன் மொழிகளாகக் கொண்ட ஆரோவில் போன்ற இடத்தில் இவ்வசதியின் பயன் வெளிப்படை. நெறிமுறை 2002லேயே திறந்து வைத்த இவ்வாயிலைப் பயன்படுத்தத் தேவைப்படுவது, துல்லியமான தமிழ்த் தொடர்கள்.

அட்டவணை 2: பரிந்துரைக்கப்படும் தொடர்கள்

1 / 404 – இந்த எண் எவருக்கும் வழங்கப்படவில்லை.
17 / 486 – அழைக்கப்பட்டவரின் தொலைபேசி வேறு அழைப்பில் உள்ளது.
19 / 480 – மணி ஒலித்தது, எவரும் எடுக்கவில்லை.
20 / 480 – அழைக்கப்பட்ட தொலைபேசி இப்போது வலையமைப்பில் இல்லை.
21, பயனர் / 603 – அழைக்கப்பட்டவர் அழைப்பை ஏற்கவில்லை.
21, வலையமைப்பு / 403 – இவ்வழைப்பை வலையமைப்பு அனுமதிக்கவில்லை.
28 / 484 – எண் முழுமையாக இல்லை, ஊர்க்குறியீட்டுடன் அழைக்கவும்.
34 / 503 – எண் தவறன்று, வழி நிரம்பியுள்ளது. சிறிது நேரம் கழித்து அழைக்கவும்.

இத்தொடர்கள் ஒவ்வொன்றிலும் எழுவாய் வெளிப்படையாக அமைந்துள்ளது. 480 என்ற ஒரே குறியீட்டிற்கு இரு தொடர்கள் உள்ளமை நோக்கத்தக்கது. தொடரைத் தெரிவு செய்வது பெயர்த்த குறியீட்டைக் கொண்டன்று. 'காரணம்' என்னும் வரியில் வந்த மூல எண்ணைக் கொண்டே. இயலாமையை மட்டும் கூறி நிறுத்தாமல் அடுத்துச் செய்வதற்குரிய ஏவலும் 484, 503 தொடர்களில் இணைக்கப்பட்டுள்ளது. குரல் அறிவிப்பாகப் பதிவு செய்யும்போதும் இதே தெரிவுமுறை பொருந்தும்.

10. முடிவுரை

மறுமொழிக் குறியீட்டு மாற்றம் இரு எண்வரிசைகளுக்கு இடையிலான எளிய பொருத்தமன்று. விடையை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் பெயர்ப்பு என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. பொது அட்டவணையைக் கொண்டு செய்த மீள்பெயர்ப்புச் சோதனையில், மூன்று வெவ்வேறு காரணங்கள் 480இல் ஒடுங்கி வேற்றெண்ணாக மீள்வது கண்டறியப்பட்டது. அதே 480 மூன்று அமைப்புகளில் மூன்று பொருள் பெறுவதும் காட்டப்பட்டது. எழுவாய் மாறாமை, செயல் மாறாமை, மூலத்தை உடன் அனுப்புதல், மீள்பெயர்ப்புச் சோதனை ஆகிய நெறிகள் இவ்விழப்பைக் குறைக்கும்.

தமிழில் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களை மையமிட்டே நடந்துவருகிறது. இயந்திரம் மனிதரிடம் பேசும் முழுத்தொடர்கள் இன்னும் போதிய இலக்கணக் கவனம் பெறவில்லை. இரயில் நிலைய அறிவிப்பு, வங்கிக் குறுஞ்செய்தி, பேரிடர் எச்சரிக்கை ஆகியவற்றின் விடைத்தொடர்களையும் இவ்வகையில் ஆராய்வதற்கு இடமுண்டு. செப்பு வழுவாமல் காத்தல் என்னும் பழைய நெறி, செப்புவது இயந்திரமாகிவிட்ட இடத்திலும் கேட்பவர் மனிதராக இருக்கும்வரை தேவைப்படுவதே.